புளுகு நாற்காலி

ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் மூவரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக்கொடுத்த சோறு பஸ் பாதி தூரம் போவதற்குள் காலி. எங்கள் வீட்டு வாலு முக்கால்வாசியைத் தின்றுவிட்டு, "அத்தை வீட்டுக்கு மறுபடி எப்பப் போறோம்?" என்று கேட்கிறாள்.

உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? மூன்று நாள், பதினாறு பேர். விடுமுறை எங்களுக்குத்தான், உங்களுக்கு ஏது? அண்ணனைச் சும்மா விடாதீர்கள், தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஆறு வருஷம் சோறு வடித்துப் போட்டவன், தைலம் தேய்க்கவா தெரியாது?

மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை செய்பவளிடம் நம் புளுகு நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு விதிகளை விளக்குவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. விருந்து முடிந்ததும் உயர நாற்காலியில் ஒருவர் ஏறி உட்கார்ந்து ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். நிஜம் என்று நினைப்பவர்கள் கரண்டியைத் தூக்க வேண்டும், புளுகு என்று நினைப்பவர்கள் மேசையைத் தட்ட வேண்டும். நிறையப் பேரை ஏமாற்றியவருக்கு அட்டைக் கிரீடம், அதோடு பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை. வருஷா வருஷம் வாயைத் திறப்பதற்குள் சிரித்துத் தோற்றுப்போகும் எங்கள் அண்ணி, இந்த வருஷம் முகத்தை அசைக்காமல், "இவரும் நானும் எட்டு மாசமா ஒரு வார்த்தை பேசிக்கிறதில்ல" என்று சொன்னார் என்றேன். நாங்கள் தட்டிய தட்டில் கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்ததையும் சொன்னேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே கிரீடத்தை உங்கள் தலையில் கவிழ்த்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அண்ணன் மட்டும் தட்டவும் இல்லை, கரண்டியைத் தூக்கவும் இல்லை. அந்த உம்மணாமூஞ்சி எந்த வருஷம்தான் விளையாடியிருக்கிறான்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
வாயாடி


ஜனவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தாலும் விஷயம் புரிந்தது. இங்கே எல்லோரும் நலம். இடுப்பு அதன் இடத்தில்தான் இருக்கிறது. உன் அண்ணனுக்கும் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

உன் மகளின் ஒற்றைக் காலுறை சோபாவுக்கு அடியில் கிடைத்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். கிரீடத்தை அலமாரி மேல் வைத்திருக்கிறேன். உடைந்த டம்ளருக்காக வருத்தப்படாதே, அது தனியாக இருந்த டம்ளர்தான்.

தையல் வேலை குவிந்து கிடக்கிறது. போனில் பேசலாமே என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் பேசினால் அது ஊர்ப்பேச்சு, கடிதம்தான் என் பேச்சு.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்.

அண்ணி


ஜூன் 19

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதி வெகு நாளாயிற்று. நீயும் அப்படித்தான், எனவே கணக்கு நேர்.

எங்கள் பெண்ணைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். போகும்போது இரண்டு பெட்டி, வரும்போது கை வீசிக்கொண்டு வந்தோம். வாசலில் அவள் என் காதருகே, "அம்மா, இனிமே யாரு?" என்று கேட்டாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "படிக்கிற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வீட்டில் சத்தமே இல்லை. நம் சுவர்க்கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நேற்று வாடிக்கைக்காரி ஒருத்தி ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். காபி போட்டுக் கொடுத்து அவளை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டேன். போகும்போது பாவம், அவளுக்கு என் மேல் சந்தேகமே வந்திருக்கும்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அண்ணன் எடுத்தான். "அண்ணியக் கூப்பிடு" என்றேன். "இரு" என்றான். அவன் உங்களைக் கூப்பிடும் குரலுக்காகக் காதை வைத்துக்கொண்டிருந்தேன். குரல் வரவில்லை. விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டு தட்டினான், அவ்வளவுதான். அப்புறம் உங்கள் செருப்புச் சத்தம் வந்தது. நீங்கள் என்னோடு வாலுவின் பல் விழுந்ததைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்தத் தட்டல் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த விளையாட்டின் விதி நினைவுக்கு வந்தது. நிறையப் பேரை ஏமாற்றியவருக்குத்தான் கிரீடம். அண்ணனைத் தவிர நாங்கள் எல்லோரும் புளுகு என்று தட்டினோம். நீங்கள் சொன்னது புளுகாக இருந்தால் நாங்கள் யாரும் ஏமாறவில்லை, நீங்கள் தோற்றிருக்க வேண்டும். ஆனால் சித்தப்பா விதியெல்லாம் பார்க்காமல் கிரீடத்தை எடுத்து வந்தபோது நீங்கள் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டீர்கள். மேசையைத் தட்டிய எங்களில் ஒருவருக்குக்கூட இது உறைக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அன்று சாப்பாட்டில் அண்ணன் உங்கள் பெண்ணிடம், "அம்மாகிட்ட குழம்பு கேளு" என்றான். நீங்கள் அவன் பக்கத்தில் நின்றுகொண்டு அவளிடம், "அப்பாவுக்குப் போதுமான்னு கேளு" என்றீர்கள். ஊர்க் கண்களையெல்லாம் சோதிக்கிறவள் நான். எதிரே நடந்தது எனக்குத் தெரியவில்லை.

அண்ணி, நீங்கள் சொன்னது நிஜமா?

வாயாடி


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதம் வந்ததா? தபால்காரர் தொலைத்திருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். நான் கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். நீங்கள் திட்டாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. வாடிக்கையாளர் ஒருவருக்கு வேறு ஒருவரின் கண்ணாடியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். அவர் போய்ப் படிக்கட்டைத் தேடியிருக்கிறார்.

ஒரு வரி போதும்.

வாயாடி


ஆகஸ்ட் 23

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் இரண்டு கடிதமும் வந்தன. தபால்காரரைப் பழி சொல்லாதே, பாவம்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பெரிய கரண்டிகள் இரண்டு, விருந்துக்கு விரிக்கும் மேசைவிரிப்பு, அந்தக் கிரீடம் எல்லாம் அதில் இருக்கின்றன. மேசைவிரிப்பில் ஒரு மூலையில் குழம்புக் கறை இருக்கும், சித்தப்பா உட்காரும் இடத்துக்கு அந்த மூலை வரும்படி விரித்தால் யாருக்கும் தெரியாது. எப்படியும் அவர் புதுக் கறை போடுவார். பெரிய பாத்திரத்தை அனுப்ப முடியவில்லை. அது பரணில் இருக்கிறது, அடி கனமானது, யாராவது வரும்போது எடுத்துப்போகச் சொல்.

பதினாறு பேருக்குச் சமைக்கும்போது உப்பைக் கடைசியில் போடு. உன் கை தாராளம். பெரியவர்களுக்குக் கொஞ்சம் குழைய வடிக்க வேண்டும், குழந்தைகளுக்குத் தனியாகக் காரம் இல்லாமல் ஒரு சட்டியில் வைத்துவிடு.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே.

அண்ணி


ஆகஸ்ட் 31

அண்ணா,

நீ நலமா? லிஃப்ட் வேலை எப்படிப் போகிறது? உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணி எனக்கு விருந்துச் சாமான்களையெல்லாம் பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறார். கரண்டி, விரிப்பு, கிரீடம். ஊருக்குப் போகிறவர்கள்தான் இப்படி வீட்டை ஒழிப்பார்கள். பார்சலைப் பிரித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் என்ன சண்டை? நீங்கள் பேசி எவ்வளவு நாளாகிறது? அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது நிஜம். நீ அன்று மேசையைத் தட்டவில்லை, அதனால் உனக்கும் அது தெரியும். என்னிடம் மறைக்காதே.

உன் தங்கை


செப்டம்பர் 26

அன்புத் தங்கைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். வேலை வழக்கம் போல. போன வாரம் ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆள் இருந்தால் கத்துவார்கள். கத்தினால் எந்த மாடி என்று கண்டுபிடித்துவிடலாம். சத்தமே வராவிட்டால்தான் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு மாடியாக ஏறிப் பார்க்க வேண்டும்.

உன் அண்ணி நன்றாகச் சமைக்கிறாள், நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது. நீ ஒன்றும் கவலைப்படாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


அக்டோபர் 17

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணனுக்கு நீ எழுதியது எனக்குத் தெரியும். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். துவைக்கும்போது எடுத்து மேசையில் வைத்தேன். நான் படிக்கவில்லை. உன் கோழிக்கிளறலை உறையிலேயே அடையாளம் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நிஜம்தான்.

போன வருஷம் ஏப்ரலில் உன் அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தது நினைவிருக்கிறதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேர். நீயும் வந்திருந்தாய், மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு நான் தரையில் உட்கார்ந்து, "இடுப்பு விட்டுப்போச்சுங்க" என்றேன். அவர் செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், "யாரு உன்னச் செய்யச் சொன்னா?" என்றார்.

அவ்வளவுதான். கைநீட்டவில்லை, கத்தவில்லை. யாரிடம் சொன்னாலும் 'இதுக்கா?' என்பார்கள். எனக்கு மட்டும் இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதையெல்லாம் யாரோ வாரிக் குப்பையில் கொட்டியது போல இருந்தது. சொன்ன சொல்லை அவர் திரும்ப எடுத்துக்கொண்டால் பேசலாம் என்று இருந்தேன். அவர், நான் பேசினால் பேசலாம் என்று இருந்தார். வாரம் மாதமாயிற்று. நடுவில் எங்கள் பெண் இருந்தாள், வண்டி ஓடியது. இப்போது அவளும் இல்லை.

அன்று நாற்காலியில் உட்கார்ந்தபோது ஏன் சொன்னேன் என்று தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. யாராவது ஒருவர் கரண்டியைத் தூக்குவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் தட்டினீர்கள்.

என் அக்காவின் தையல்கடையில் துணி வெட்ட ஆள் வேண்டுமாம். சாமான்களை உனக்கு அனுப்பிவிட்டாலும், இருப்பதை வைத்து இந்த வருஷ விருந்தைக் குறைவில்லாமல் நடத்திவிட்டு மறுநாள் காலை அங்கே போகிறேன். எத்தனை நாளைக்கு என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியாது. உன் அண்ணனிடம் சொல்லாதே. நீ கட்டாயம் வா. நான் கிளம்பும்போது வீட்டில் நீ இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

அண்ணி


டிசம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாலுவுக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பன் மாதிரி ஊதியிருக்கின்றன. பதினாறு பேர் கூடும் இடத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் வரவும் வழியில்லை, வாலுவின் அப்பாவுக்கு விருந்து முடியும்வரை வெளியூர் வேலை. நீங்கள் வா என்று கேட்டது ஒரே ஒரு தடவை. அதையும் என்னால் செய்ய முடியவில்லை.

இன்னொன்றும் செய்துவிட்டேன். நீங்கள் சொல்லாதே என்றதை அண்ணனுக்கு எழுதிவிட்டேன். அந்த ஏப்ரல் வார்த்தை, உங்கள் அக்கா கடை, காலை பஸ், எல்லாவற்றையும். என் மேல் கோபம் வந்தால் வரட்டும். அவன் எதற்காக உங்களை இழக்கிறான் என்று தெரியாமலே இழக்கக்கூடாது என்று தோன்றியது.

போவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அண்ணி.

வாயாடி


ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எந்த முகவரிக்குப் போடுவது என்றே தெரியவில்லை. வீட்டுக்கே போடுகிறேன். ஐந்து நாளாகப் போன் அடிக்கிறேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. சித்தப்பாவிடம் பேசினேன். "சாப்பாடு பிரமாதம். உங்க அண்ணன் நாற்காலில ஏறி என்னமோ சொன்னான், எனக்கு ஒண்ணும் விளங்கல" என்கிறார். என்ன சொன்னான் என்றால் அவருக்கு நினைவில்லை. இனிப்பு எத்தனை தடவை போட்டுக்கொண்டார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வாலுவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. எனக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

வாயாடி


ஜனவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

உறையில் இருக்கும் ஊர் முத்திரையைப் பார்த்ததும் உனக்கு விஷயம் புரிந்திருக்கும். ஆமாம், அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். நலம். உன் கடிதத்தை உன் அண்ணன் முகவரி மாற்றி அனுப்பியிருந்தார், அதனால்தான் தாமதம். அவருக்கு இந்த மாதம் இரவு ஷிப்ட், பகலில் தூக்கம். போன் அடித்தால் எங்கே காதில் விழும்? குழந்தை தேறியது கேட்டு நிம்மதி. நீ அவருக்கு எழுதியதற்காக இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் இல்லை.

விருந்து நடந்தது. சமையலில் குறை இல்லை. சாப்பிட்டு முடித்ததும் புளுகு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். சித்தி ஏறித் தன் முடிக்குச் சாயமே போட்டதில்லை என்றாள், மேசை அதிர்ந்தது. அவள் இறங்கியதும் உன் அண்ணன் எழுந்து போய் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அதைத் தொடாதவர். "என்னடா, லிஃப்ட் இல்லாமலே ஏறிட்ட?" என்று சித்தப்பா கேலி செய்தார். அவர் சிரிக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

"யாரு உன்னச் செய்யச் சொன்னான்னு ஒருத்திகிட்ட கேட்டேன். நான்தான் சொன்னேன். வாயத் தொறந்து சொல்லல. ஆனா எல்லாரையும் வரச் சொன்னது நான். அவ செய்வான்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சித்தப்பா எதற்கும் தட்டுபவர், தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். உன் அண்ணன் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கரண்டியைத் தூக்கினேன். பக்கத்தில் பார்த்தால் எங்கள் பெண்ணும் தூக்கியிருந்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் பேச்சைச் சுமந்தவள் அவள்தானே. சித்தப்பா கிரீடத்தை எங்கெங்கோ தேடினார். அது உன்னிடம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அன்று எல்லாப் பாத்திரத்தையும் உன் அண்ணனே கழுவினார். இரண்டு தட்டு உடைந்துபோயிற்று.

ஆனாலும் நான் கிளம்பினேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதோடு, இத்தனை நாள் பட்டதை ஒரு நாற்காலிப் பேச்சில் மறந்துவிட்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. மனத்தில் இருப்பதை உன்னிடம் மறைப்பதற்கில்லை, சந்தோஷமும் இருந்தது, கோபமும் இருந்தது. காலையில் அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தார். வழி முழுக்கப் பேச்சில்லை. பஸ் கிளம்பும்போதுதான், "ஜன்னல் பக்கம் உக்காரு. உனக்கு பஸ் ஒத்துக்காது" என்றார். நாற்காலியில் சொன்னது எல்லோருக்குமாகச் சொன்னது. இது என்னிடம் நேரே சொன்னது. நகர்ந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன்.

நேற்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. என் பெயருக்கு அவர் எழுதும் முதல் கடிதம். நலமா என்று கேட்டிருக்கிறார், தான் நலம் என்கிறார். கீழே ஒரே ஒரு கேள்வி. அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும், மறந்துவிட்டது, எழுது என்கிறார்.

உனக்கு ஆறு வருஷம் சோறு வடித்துப் போட்டவர் இவர். படித்ததும் என் கை தானாகவே மேசையைத் தட்டிவிட்டது. துணி வெட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "என்னடி, தனியா சிரிக்கிற?" என்றாள்.

இது சுத்தப் புளுகு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஒன்றுக்கு இரண்டு என்று எழுதி, இன்று காலையே தபாலில் போட்டுவிட்டேன்.

அண்ணி